பத்து மில்லி தண்ணீர்

என் கணவர் குடித்த பிராந்தியில் பதினோரு வருஷம் நான் தண்ணீர் கலந்தேன். காலையில் அவர் குளிக்கப் போகும் நேரம்தான் என் நேரம். பீரோவின் அடித்தட்டில் வேட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் பாட்டிலை எடுத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் முப்பது மில்லி உறிஞ்சி, பாத்திரம் கழுவும் தொட்டியில் விட்டுவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் முப்பது மில்லி உள்ளே விடுவேன். நிறம் வெளுத்தால் டீ டிகாக்‌ஷன் இரண்டு சொட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அளவு எனக்குத் தவறாது.

வீடு கம்பைநல்லூரில், அவருக்கு வேலை அரூரில். சர்வேயர். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, கை கால் கழுவி, சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு ஊற்றிக்கொள்வார். அதற்கு மருந்து என்று பெயர் வைத்திருந்தார். மருந்து கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளிடமே அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். சில நாள் முகத்தைச் சுளித்து, இப்போதெல்லாம் சரக்கே சரியில்லை என்பார். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் குனிந்து, வீட்டுக்காரருக்குச் சோற்றில் கலந்து போட ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்று கேட்கும் பெண்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். அப்படியெல்லாம் நான் கொடுக்க முடியாது. வரிசையில் ஆள் இல்லாத நேரமாக இருந்தால் ஒரு சிரிஞ்சைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, என் வித்தையைச் சொல்லி அனுப்புவேன். அவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஈரல் கெட்டு அவர் போய்ச்சேர்ந்தார். கடைசியாகப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இந்த ஈரலை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் இருந்ததே பெரிய விஷயம் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். அந்த நாட்கள் என் தண்ணீர் வாங்கிக்கொடுத்தவை. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. மாலை போட்ட படத்தைத் துடைக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரே மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இந்த வருஷம் மாங்காய் சீசன் தொடங்கும்போது மருமகள் போன் செய்தாள். அவள் லேசில் புலம்புகிறவள் இல்லை.

"அத்தை, சனிக்கெழம மட்டும்னு ஆரம்பிச்சாருங்க. இப்ப தெனமும் டேஸ்டிங்குதாங்க. கேட்டா இது குடி இல்லங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாருங்க."

நான் சொல்கிறேன் என்றேன். ஒரு தடவை பார்த்து முடித்த படத்தை மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்து பார் என்றால் எப்படி இருக்கும்.

அடுத்த வாரம் அவன் வந்தான். கையில் ஒரு நீள அட்டைப்பெட்டி. மறைக்கவில்லை. அவன் அப்பா பாட்டிலை லுங்கிக்குள் வைத்துக் கொண்டுவருவார், இவன் பிறந்தநாள் கேக்கைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான். வெளிநாடு போய்வந்த மேனேஜர் வாங்கிக் கொடுத்ததாம். மத்தியானம் கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து கழுத்து குறுகிய ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸை எடுத்தான். மேஜையில் வெள்ளைத்தாள் விரித்து, அதற்கு மேலே கிளாஸைத் தூக்கி நிறம் பார்த்தான்.

பாடம் நடத்தினான். இது சிங்கிள் மால்ட். முளைகட்டிய பார்லியில் காய்ச்சுவது, ஸ்காட்லாந்தில் ஒரே ஆலையில் செய்தது. ஷெர்ரி என்று ஸ்பெயினில் ஒரு திராட்சை மது உண்டு, அது இருந்த மரப்பீப்பாயில் இதைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊற வைக்கிறார்கள். அந்த மரம் குடித்த திராட்சையெல்லாம் இதில் இறங்கிவிடும். மற்ற விஸ்கிகளில் தண்ணீர் விட்டு வீரியத்தைக் குறைத்துப் பாட்டிலில் அடைப்பார்கள். இது பீப்பாயில் இருந்தபடியே வருவது, காஸ்க் ஸ்ட்ரென்த் என்று பெயர். ஆல்கஹால் அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. ஆஸ்பத்திரியில் நாங்கள் கை துடைக்கும் ஸ்பிரிட் எழுபது. அதைச் சொன்னேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தான். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கில் புரட்டினான். விழுங்கிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தான். போனில் ஏதோ குறித்துக்கொண்டான். அத்தனையும் ஒழுங்காக, பூஜை செய்வதுபோல இருந்தது. ஆனால் கிளாஸுக்குள் இறங்கிய அந்த மூக்கு அவன் அப்பாவின் மூக்கு. அதை என்ன செய்ய முடியும்?

அந்தப் பெண் போன் பண்ணி அழுகிறாளே, கொஞ்சம் யோசிக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"இது குடிக்கறது இல்லம்மா. டேஸ்ட் பண்றது. அப்பா குடிச்சது வேற."

அவர் வைத்த பெயர் மருந்து, இவன் வைத்த பெயர் டேஸ்ட். பெயர் வைப்பதில் மட்டும் அப்பனும் மகனும் கெட்டிக்காரர்கள். ஆனால் அன்றைக்கு அவன் இரண்டு சின்ன ஊற்றோடு நிறுத்திக்கொண்டான். சூடு மூக்கில் ஏறுகிறது, பாட்டில் இன்னும் 'திறக்கவில்லை', காற்றுப் பட்டுப் பட்டுத்தான் ருசி விரியும், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றான். இரண்டு வாரம் கழித்து வருகிறேன், வெயில் படாத இடத்தில் வை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலை மெடிக்கலில் ஒரு சிரிஞ்சு வாங்கி வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுத்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன், அவ்வளவு பழக்கம். மொத்தமாக மாற்றினால் தெரிந்துவிடும் என்று ஒரு நாளைக்குப் பத்து மில்லி எடுத்துப் பத்து மில்லி தண்ணீர் விட்டேன். டிகாக்‌ஷன் தேவைப்படவில்லை. அதன் நிறமே டிகாக்‌ஷன்தான்.

மூன்றாம் நாள், எடுத்ததைத் தொட்டியில் விடப் போன கை நின்றுவிட்டது. இந்த வயது வரைக்கும் ஒரு சொட்டு நான் நாக்கில் வைத்ததில்லை. என்னதான் இருக்கிறது இதில் என்று ஒரு கோபம் வந்தது. ஒரு டம்ளரில் விட்டு, வாயில் ஊற்றினேன். பச்சை மிளகாயைக் கடித்ததுபோல நாக்கு எரிந்து கண்ணில் நீர் வந்தது. பிறகு மீதியில், அவனுக்கு விடுவதுபோலவே தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கலக்கி மறுபடியும் ஒரு வாய் எடுத்தேன். எரிச்சல் பின்னால் போய், வேறொன்று வந்தது. பழைய புளிப்பானையைத் திறக்கும்போது வருமே, அந்த வாசம். உலர்ந்த திராட்சை, வெல்லப்பாகு, கொஞ்சம் கிராம்பு. விழுங்கிய பிறகும் நெஞ்சில் ஒரு கதகதப்பு ரொம்ப நேரம் இருந்தது.

நன்றாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் குடித்தது இதுவல்ல, ஒயின் ஷாப்பில் கிடைத்த ஏதோ ஒன்று. அது விஷம், நாற்றம், பாவம் பிடித்த மனுஷன் விட முடியாமல் குடிக்கிறார் என்றுதான் எப்போதும் எண்ணியிருந்தேன். அவருக்கு அது பிடித்திருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை.

ஆனாலும் பத்து நாள் விடாமல் செய்தேன். நூறு மில்லி.

சொன்னபடி இரண்டு வாரம் கழித்து வந்தான். சாப்பிட்டுவிட்டு வெள்ளைத்தாளை விரித்தான், ஊற்றினான், முகர்ந்தான். அப்படியே அசையாமல் இருந்தான். கண்டுபிடித்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"இப்பத்தாம்மா தொறந்திருக்குது. என்னமா இருக்குது பாரு" என்றான்.

இரண்டாவது ஊற்றினான். மூன்றாவது. போனில் குறிப்பதை நிறுத்திவிட்டான். போன தடவை எரிச்சல் தடுத்தது, அந்த எரிச்சலை நான் என் கையாலேயே எடுத்துவிட்டிருந்தேன். இவ்வளவு வீரியமானதைத் தண்ணீர் விட்டுக் குடித்தால்தான் ருசி வெளியே வரும் என்பது அதன் பிறகு அவனே சொல்லி எனக்குத் தெரிந்தது. நாலாவதுக்கு அவன் கை போனபோது என்னால் முடியவில்லை.

நான் தண்ணீர் கலந்தேன், அதனால்தான் அப்படி இருக்கிறது, நிறுத்து என்று சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. சிரித்தான். குடித்தவன் சிரிப்பு இல்லை, சின்ன வயதில் என்னிடம் சிரிப்பானே அந்தச் சிரிப்பு.

"மொத வாய்லயே நெனச்சேன். ஸ்கூல் போறப்ப இருந்து பாத்திருக்கேனேம்மா. அப்பாவுக்கும் தெரியும்."

எனக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நீ ஊத்தறது. அவரு அரூர்லயே முடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுவாரு. வூட்டு பாட்டில் உனக்காக வெச்சது. உங்கம்மாளுக்கு ஒரு வேல இருக்கட்டும், இல்லன்னா அழுதுட்டே இருப்பான்னு சொல்லுவாரு."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் அப்பாவைப் பற்றிய பாசம்தான் இருந்தது. நான் கேட்டால் மகிழ்வேன் என்றே நினைத்திருப்பான் போல. சரக்கே சரியில்லை என்று அவர் சுளித்த முகம், அதுவும் எனக்காகத்தான். நான் கொடுத்த நாட்கள் என்று எதுவும் இல்லை. பதினோரு வருஷம் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். காகிதத்தில் சுற்றிய சிரிஞ்சோடு படி இறங்கிப் போன பெண்களையும் அப்போது நினைத்துக்கொண்டேன்.

"விட்டுடு கண்ணு" என்றேன்.

சரிம்மா என்றான். சொல்லிக்கொண்டே ஊற்றினான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தான். முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, கண்ணோரம் மஞ்சளோ என்று எனக்குச் சந்தேகம். வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க விடமாட்டேன் என்கிறான். புதுப் பாட்டில், அதே வகைதான். இந்த முறை மேஜையில் வைக்கவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். கூடவே எனக்கென்று ஒரு கண்ணாடிச் சொட்டுக்குழாய். விஸ்கிக்கு அளந்து தண்ணீர் விடுவதற்கென்றே விற்கிறார்களாம்.

"நீயே ஊத்தும்மா. உன் கை அளவுதான் சரியா வருது."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் பெங்களூரில் அவனே ஊற்றிக்கொள்வான், இங்கே வரவும் மாட்டான். குடத்தில் தண்ணீர் மொண்டு, பத்து மில்லி அளந்து, அவன் கிளாஸில் சொட்டுச் சொட்டாக விட்டேன். அளவு தவறவில்லை. அப்போது மேஜையில் என் போன் அடித்தது. மருமகள்தான். கை ஈரமாக இருந்தது, நான் எடுக்கவில்லை.