ஊதா எண்ணெய்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் எங்களுக்கு ஒரு டீக்கடை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். பௌர்ணமிக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே வந்த காலம். கடை என் வீட்டுக்காரர் பொறுப்பு, மாடுகள் என் பொறுப்பு. காலையிலும் சாயங்காலமும் பாலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவேன்.

ஒரு மார்கழியில் அவருடைய முழங்கையில் வெள்ளையாகச் செதில் உதிர ஆரம்பித்தது. பனிக்குத் தோல் வறள்கிறது என்று விட்டுவிட்டோம். மாசி வந்தும் நிற்கவில்லை. புறங்கைக்கு இறங்கி, விரல் மூட்டுகளில் தடித்துப் படிந்தது. சொறிந்தால் பொடியாகக் கொட்டும், இன்னும் அழுத்தினால் ரத்தம் கசியும்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "இது தொத்து நோய் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவினால் அடங்கும். விட்டால் திரும்ப வரும். டாக்டர் சொன்னதைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? தினமும் வந்துகொண்டிருந்த மேஸ்திரி ஒருவர் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார். எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

பங்குனிப் பௌர்ணமியன்று நான் பால் கொண்டுபோன நேரம், வெளியூர்க்காரர் ஒருவர் இவரிடமிருந்து டீயை வாங்கினார். கையைப் பார்த்தார். டீயைத் தரையில் கொட்டிவிட்டு, கிளாஸைப் பலகைமேல் வைத்துவிட்டு நடந்தார். இவர் அந்த கிளாஸைக் கழுவினார், திரும்பவும் கழுவினார். பிறகு என்னிடம், "இந்தா, நீ கொஞ்சம் முன்னால நின்னு குடுக்கிறியா?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அவர் ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று டீ போட்டார், நான் முன்னால் நின்று கொடுத்தேன். முதலில் கூச்சத்தில் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். போகப் போக வாய் வந்துவிட்டது. இவர் வாய்தான் அடைத்துக்கொண்டது.

சாத்தனூர்ப் பக்கத்திலிருந்து மாதாமாதம் மலை சுற்ற வரும் ஒரு அக்கா எங்கள் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்வது வழக்கம். வைகாசியில் வந்தபோது இவர் கையைச் சொறிவதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாண்ணே, வெப்பால எண்ணெ தடவலியா?"

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் எதையுந்தான் தடவறது?" என்றார் இவர் எரிச்சலாக.

நான் குறுக்கே புகுந்து, "அந்த எண்ணெ எங்க கெடைக்கும்க்கா?" என்று கேட்டேன்.

அந்த அக்கா சிரித்துவிட்டார். "நீ தார்ப்பாய் கட்டி வச்சிருக்கியே, அந்த மரந்தாம்மா."

அண்ணாந்து பார்த்தேன். வெட்பாலை மரம் வெள்ளைப் பூவும், இரண்டிரண்டாகத் தொங்கும் ஒல்லிக் காய்களுமாக நின்றது. எங்கள் ஊரில் அதைத் தெரியாதவர் கிடையாது. பல் வலித்தால் அதன் இலையைப் பறித்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வோம். நாக்கு சுறுசுறுவென்று எரிந்து, வலி மரத்துப்போகும். தோலுக்கும் ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

மறுநாளே இலையை அரிவாள்மணையில் நறுக்கித் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினேன். எண்ணெய் பச்சையாகவே இருந்தது, இலைதான் கருகிப்போனது. ஆனிப் பௌர்ணமிக்கு அந்த அக்கா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அடுப்புல ஏத்தக் கூடாதும்மா. இரும்பும் படக் கூடாது. கையால கிள்ளிப் போட்டு வெயில்ல வையி, போதும்." அவரே உட்கார்ந்து பால் வடிய வடிய இலையைக் கிள்ளிப் போட்டுக் கொடுத்தார்.

பாட்டிலைத் தகரக் கூரைமேல் வைத்தோம். சில நாள் வெயிலிலேயே எண்ணெய் நிறம் மாற ஆரம்பித்து, கடைசியில் நாவல்பழச் சாறு போல ஊதாவாகிவிட்டது. மலை சுற்றி வந்த ஒரு பையன் அதைக் காட்டி, "அந்தக் கலர் ஒண்ணு குடுங்க, ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டான். தட்டிக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

டாக்டரிடமும் காட்டினோம். "தடவலாம், வெடிப்புல ரத்தம் வந்தா மட்டும் வேணாம். களிம்பையும் நிறுத்தாதீங்க" என்றார். காலைக் கூட்டம் ஓய்ந்ததும் கடைக்குப் பின்னால் இளவெயிலில் உட்காருவோம். அவர் கையை நீட்டுவார். முழங்கையிலிருந்து விரல்வரை நான் தேய்த்துவிடுவேன். சட்டை, தலையணை, என் முந்தானை எல்லாம் ஊதாக் கறை. முதலில் அரிப்பு கம்மியானது. பிறகு செதில் இளகி உதிர்ந்து, ஐப்பசி வாக்கில் புறங்கை ஏறக்குறையப் பழைய தோலாகிவிட்டது. முழங்கையில் மட்டும் ஒரு திட்டு மிச்சமிருந்தது.

கார்த்திகை தீபத்தன்று கூட்டத்துக்கு என் ஒரு கை போதவில்லை. இவரும் முன்னால் வந்து கிளாஸ்களை நீட்ட ஆரம்பித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்தது. அந்த மேஸ்திரி. இவர் ஒரு கணம் தயங்கினார். மேஸ்திரி விரலோடு விரல் பட கிளாஸை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாப்பா, சக்கர இவ்ளோ ஜாஸ்தி?"

இவர் என் பக்கம் திரும்பி, "சக்கர ஜாஸ்தியாம்" என்றார். ஏதோ பரிசு விழுந்த மாதிரி இருந்தது அவர் முகம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கிளாஸை எடுத்தேன். இவர் மேஸ்திரிக்கு வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

நோய் முழுசாகப் போய்விடவில்லை. மார்கழி வந்தால் கொஞ்சம் தலைகாட்டும், வெயில் ஏறினால் அடங்கும். மாசியில் மரம் இலை கொட்டிவிடும் என்பதால் அதற்கு முன்பே எண்ணெய் போட்டு வைத்துக்கொள்வோம். கேட்டவர்களுக்கும் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுப்போம். அவர் கை தேறிய பிறகும் நான் பழையபடி பாலை வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பவில்லை, கடையிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் புருஷன் கையைப் பெண்டாட்டி பிடித்துக்கொண்டு நாலு பேர் பார்க்க உட்கார்ந்திருப்பது வழக்கமில்லை. மருந்து என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் பனிக்காலத்தில்கூட அவர் கை சுத்தமாக இருந்தது. அப்போதும், கூட்டம் ஓய்ந்ததும், "இந்தா, வலது கை லேசா அரிக்கிற மாதிரி இருக்குது" என்பார். பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போவேன்.