படிக்கட்டில் காத்திருந்த மாணவி

குழந்தைகள் வீட்டில் தமிழையும் ஆங்கிலத்தையும் எப்படிக் கலந்து பேசுகிறார்கள் என்று முதுகலையில் ஆராய்ந்த ஒரு மாணவி, அயனம்பாக்கத்தில் எங்கள் பிளாட்டுக்கு வந்தாள். கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். நானும் என் பேத்தியும் இயல்பாகப் பேசட்டும் என்று ரெக்கார்டரை மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

கெடுத்தது நான்தான். ரெக்கார்டரைக் கண்டதும் என் தமிழ் மேடையேறிவிட்டது. "கண்மணி, சிற்றுண்டி அருந்தினாயா?" என்றேன். வாயாடிப் பேத்தி பேந்தப் பேந்த விழித்தாள். நான் தினமும் அப்படியே பேச, வாரம் முழுக்க ரெக்கார்டர் முன்னால் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பதிவைக் கேட்ட மாணவி தலையில் கைவைத்தாள். "திங்கக்கிழமை என் ஆராய்ச்சி கைடு கேப்பாங்க தாத்தா. பாப்பா பேசினது ஒண்ணுமே இல்ல."

"என்னைப் பார்த்து பயந்துட்டாளோ?"

"யாரோ புது ஆள்னு நெனச்சிருப்பா. நாளைக்கு அவ தாத்தாவ வரச் சொல்லுங்க."

திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவளோ சிரித்துக்கொண்டே போனாள்.