எஞ்சினில் பூசிய தேங்காய் எண்ணெய்

நோர்வூட்டிலிருந்து தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்கள் ஒரு பைக் மட்டும் போதும் என்றார்கள். இறக்குமதித் தடையால் புது பைக் நாட்டுக்குள் வராத வருஷங்கள் அவை. பழையதற்கே ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். நான் ஹட்டனில் அலைந்து பிடித்த பைக் நன்றாகத்தான் ஓடியது. பார்க்கத்தான் சகிக்கவில்லை. எஞ்சினின் இரண்டு பக்கத்து அலுமினிய மூடிகளும் வெளுத்து, புள்ளி விழுந்து, கழுவாத சட்டி மாதிரி இருந்தன.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் வரும். கணக்கு வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிடுவாரோ என்று பயந்துதான் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டேன். ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. தங்கைக்கு ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போயிருந்தது. அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். இதுவும் போனால் எங்கள் தோட்டத்து லய வீடுகள் பக்கம் இனி யாரும் வரமாட்டார்கள்.

மூடிகளைக் கழற்றவில்லை. திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால்? அப்படியே பெட்ரோலால் கழுவி, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தேன். கம்பெனியில் அடித்திருந்த வார்னிஷ் மஞ்சளாக உரிந்து வந்தது. பிறகு பித்தளை விளக்குத் துலக்கும் பசையும் பழைய பனியன் துணியும். அலுமினியம் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாகக் கக்கும். துணி கறுத்தது, நகம் கறுத்தது. விடாமல் தேய்த்ததில் ஒரு இடத்தில் திடீரென்று என் மூக்கு தெரிந்தது.

மறுநாள் காலையில் மூக்கைக் காணோம். பனி மூட்டத்தில் பளபளப்பு மங்கிப்போயிருந்தது. வார்னிஷ் போன வெறும் அலுமினியம் எங்கள் ஊர் ஈரத்துக்குத் தாங்குமா? தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடிந்ததும் கத்தியைத் துரு பிடிக்காமல் எண்ணெய் பூசி வைப்பது எங்கள் வழக்கம். புத்தி அந்தப் பக்கமே போனது. பரிசம் போட அவர்கள் வந்த அன்று, திரும்பவும் துலக்கி, தேங்காய் எண்ணெயை வழிய வழியப் பூசினேன். எஞ்சினின் மேல் மடிப்புகளுக்குள்ளும் விரலை விட்டுப் பூசினேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பைக்கைச் சுற்றி வந்தார். "கண்ணாடி மாதிரில்ல வச்சிருக்கீங்க தம்பி! மாப்ள, ஒரு ரவுண்டு போயிட்டு வா."

அவன் பெக்டரி மேடு வரை ஏறித் திரும்பினான். முழங்காலைச் சுற்றிப் புகையோடு வந்தான்.

"மாமா, எஞ்சின் ஒயில் குடிக்குது போல."

மாமன் மூக்கை உறிஞ்சினார். "வட வாசமில்ல வருது! தம்பி, நீங்க குடுக்குறது எஞ்சினா, எண்ணெச் சட்டியா?"

"இல்லீங்க, மேல பூசுன தேங்காண்ணெங்க அது... சூட்டுல..."

"தலைக்குப் பூசுறத எஞ்சினுக்குப் பூசுனா, தலைக்கு என்னத்தப் பூசுறீங்க? கிரீசா?"

அவர் எஞ்சின் மூடியை விரலால் தேய்த்து, கறுத்த விரலை எல்லாருக்கும் காட்டினார். பிறகு வாசற்படியில் நின்ற தங்கையைப் பார்த்தார். "பொண்ணையும் இப்பிடித் தேச்சுத்தான் நிறுத்தியிருக்கீங்களா? தொட்டுப் பாத்தாத்தான் தெரியும் போல." அவர் பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன்னே, "பரிசத் தட்ட எடுங்க, போவோம்" என்றார்.

அம்மா அழத் தொடங்கினாள். தங்கை படியிறங்கி வந்தாள்.

"பைக்குல ஒரு கொறையும் இல்லீங்க மாமா. எங்கண்ணனுக்குத்தான் மேல ஒண்ணும் இல்ல. வாத்தியாருக்குப் பயந்து ஓடியாந்ததுங்க இது. சொறி நாய்க்கும் எண்ணெ பூசும், எஞ்சினுக்கும் எண்ணெ பூசும். தொடச்சிட்டு இன்னொருக்கா ஓட்டச் சொல்லுங்க."

'இது' என்றாள். அதுவரை என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மாமன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பொண்ணுக்கு வாய் இருக்குடா மாப்ள! பொழச்சுக்குவ." துடைத்துவிட்டு அவன் இரண்டாம் தடவை ஓட்டி வந்தபோது புகை இல்லை. தட்டுகள் கீழே இறங்கின. பரிசம் நடந்தது.

சாப்பாட்டிலும் விடவில்லை. "தம்பி, பாயசத்துக்கு எண்ணெ ஊத்தலியா?" என்றார்கள். புறப்படும்போது மாமன் என் தலையைத் தடவி, உள்ளங்கையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். முதலில் சிரித்தது தங்கைதான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்று, அவர்கள் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிட்டால் என்ற பயத்தில், எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.