மந்திரமாகிப் போன ஓம்

ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி, மேல்மாடிக்காரர் புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டியை ஏற்ற வழியில்லாமல் கீழ்வாசலிலேயே ஓடவிட்டு, பால் எடுக்க ஒவ்வொரு தரமும் படியிறங்கி வந்தாரே, அந்தக் கிழமைதான் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. அவளைத் தூக்கி இறக்கியவர்களும் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் போனார்கள். அதில் தயிர்கூட வைத்திருந்தார். சரி, அது கிடக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் முதலில் அவளுக்குச் சத்தமே வரவில்லை. நாங்கள் கதைப்பது அவளுக்கு விளங்குகிறதா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. தலையில் வயர் தொப்பி மாட்டினார்கள். மூளையின் ஓட்டம் திரையில் கோடு கோடாக ஓடியது. மொழிபெயர்க்க வந்த பிள்ளை தமிழ்நாடு, ஒஸ்லோவுக்குப் புதிது.

"அம்மா, தலை வலிக்குதா?"

"ஓம்."

பக்கவாதம் வந்த பிறகு அவள் வாயால் வந்த முதல் சொல் அதுதான்.

"இவர் யார்னு தெரியுதா?"

"ஓம்."

பிள்ளை கண் கலங்கிக் கைகூப்பினாள். பிறகு டொக்டரிடம் ஏதோ சொன்னாள். அவர் முகம் வாடியது.

"என்ன பிள்ளை சொன்னனீர்?"

"அம்மா மந்திரம் சொல்றாங்க ஐயா. கேள்வி புரியல போல."

"மந்திரமோ? இவ கோயிலுக்குப் போறதே வடைக்குத்தான். ஓம் எண்டால் எங்கடை ஆக்களுக்கு ஆமாம், பிள்ளை."

"ஐயையோ, நான் கும்பிடவே செஞ்சுட்டேனே" என்று சிரித்துவிட்டு, டொக்டருக்குத் திருத்திச் சொன்னாள். அவர் என்னையே கேட்கச் சொன்னார். நான் குனிந்தேன்.

"இஞ்சாரும், நான் வைச்ச மீன்குழம்பு உம்மடையை விடத் திறம். ஓமோ?"

"ஓஓஓம்."

அந்த இழுப்பை எனக்குத் தெரியாதா? அது சம்மதம் இல்லை. கிழவனின் நினைப்பைப் பார் என்பது. திரையில் கோடுகள் குதித்தன. நான் துள்ளாத குறை. கண் சிமிட்டினாலும் கோடு குதிக்கும் என்றார் டொக்டர். ஆனால் அவளுக்கு விளங்குகிறது என்பதற்கு அந்தக் குரல் போதும் என்றார். பேச்சுக்குரிய இடம்தான் அடிபட்டதாம். கோபமும் கேலி பகிடியும் குரலில் ஏறுகிற பக்கம் உயிரோடு இருக்கிறதாம்.

இப்போது வீட்டில் அந்த ஒரு சொல்லை வைத்தே என்னோடு சண்டை பிடிக்கிறாள். தோற்பது நான்தான்.

உங்கள் ஆட்கள் எவரும் ஆஸ்பத்திரியில் கிடந்தால், எங்கள் ஓம் என்னவென்று முதலே அங்கே சொல்லிவையுங்கள். தெரிந்தவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.