இடி அண்ணன் தட்டிய வரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது நடந்தது. என் தங்கைக்கு நடந்தது. அவள் பொய் சொன்னதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஸ்கேன் படங்களைப் பைதான் என்கிற கணினி மொழியில் எழுதிய மென்பொருளில் போட்டு, இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி முப்பரிமாணப் படமாக்கித் தர வேண்டும். அவளுக்கு முன் அந்த சீட்டில் இருந்தவரை எல்லோரும் இடி அண்ணன் என்பார்கள். கீபோர்டில் அப்படி இடிப்பார். மூன்று மாதம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார்.

அன்று ஒரு குழந்தைக்கு இதய ஆபரேஷன். படம் வராமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் நிற்கிறார். மென்பொருளோ திறக்கவே இல்லை. இம்போர்ட் எரர். படம் வரைய வேண்டிய மாட்யூலை, அதாவது அந்த வேலைக்கென்றே எழுதிவைத்த நிரல் துண்டை, உள்ளே இழுக்க முடியவில்லை என்கிறது.

"என்னம்மா ஆச்சு?"

"இடி அண்ணன் எதையோ குழப்பி வெச்சுட்டுப் போயிட்டார் சார்."

வாய் கூசாமல் சொன்னாள். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

மதியம் 1.10. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மாட்யூலை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அதே எரர். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டக்... டக்... டக்...

இரண்டு கையும் மடியில்தான் இருந்தன. திரையில் ஒரு வரி ஓடியது. அந்த மாட்யூலை எங்கிருந்து எடுக்கிறாய் என்று பைதானையே கேட்கிற வரி.

பதில் வந்தது. அவளுடைய ஃபோல்டர்.

முந்தின நாள் சாயங்காலம் பழகிப் பார்க்க அவள் எழுதிய அரைகுறை ஃபைல். அதற்கு அந்த மாட்யூலின் பெயரையே வைத்திருந்தாள். பைதான் பக்கத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டு, அசலைத் தேடவே இல்லை.

முகம் சுட்டது. ஃபைலின் பெயரை மாற்றினாள். இதயம் திரையில் வந்து நின்றது.

டாக்டர் வந்தார். "யார் தப்பும்மா?"

"அவர்தான் சார்..."

டக்.

இதயம் மறைந்தது. ஃபைலுக்கு மறுபடி பழைய பெயர்.

"நான்தான் சார்! என் தப்பு!"

டக்.

இதயம் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் நேரே இடி அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி மட்டும்தான் இருந்தார்.

"அண்ணி, அண்ணனைப் பத்தி ஒரு பொய்..."

"அதான் மத்தியானமே ஒத்துக்கிட்டியே. விடும்மா."

ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் அவரிடம் பேசவில்லை.

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். அவளுக்கு ஒன்று. தனக்கு ஒன்று. காலி நாற்காலிக்கு முன்னால் ஒன்று...

பயம்கூட அப்புறம்தான் வந்ததாம். அந்த நாற்காலிப் பக்கம் முகத்தை நிமிர்த்தவே முடியவில்லை என்கிறாள்.

அவ்வளவு அவமானம்.