பேர் வேண்டாத தாளில் என் நம்பர்

எதையும் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. பக்கத்து மெஷினில் நிற்கிற உத்தனப்பள்ளிக்காரி இதற்கென்றே ஒரு பேச்சு வைத்திருக்கிறாள்: "அக்கா, உனக்குக் கண்ணு முன்னாடி போவும், உடம்பு பின்னாடி வரும்." பத்தாவதோடு நின்ற நான் இந்த வேலையைக் கற்றதே அந்தக் கண்ணால்தான். போன வருடம் மெமோ வாங்கியதும் அதனால்தான்.

என் மெஷினுக்குள் வண்டு பறப்பது மாதிரி ஒரு சத்தம். மெயின்டனன்ஸ் ஆள் வரும்வரை பொறுக்காமல், ஆபரேட்டர் தொடவே கூடாத கரண்ட் பேனலின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டேன். விளக்கம் கேட்டார்கள். சத்தம் கேட்டுப் போனேன், கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது என்று எழுதிக் கொடுத்தேன். பச்சைப் பொய். நிரூபிக்க முடியாமல் எச்சரித்ததோடு விட்டார்கள்.

இந்த வருடம், கான்ட்ராக்ட் புதுப்பிக்க ஒரு வாரம் இருக்கையில், பெங்களூரிலிருந்து ஒரு மனோதத்துவ மேடம் வந்தார். யாருக்கு எவ்வளவு ஆர்வம் என்று அளக்கப் போகிறாராம். காய்ச்சலை அளக்கலாம், இதை எப்படி அளப்பது என்று எனக்கு அப்போதே குறுகுறுப்பு. கேன்டீனில் உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். நமக்குப் பொருந்தவே இல்லையென்றால் ஒன்று. அப்படியே நாம்தான் என்றால் ஐந்து. "ஹெசரு பேடம்மா, பேர் வேண்டாம். நெஜம் மட்டும் எழுதுங்க" என்றார் மேடம்.

பேர் வேண்டாம் என்றதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. மூடிய பொருளைக் கண்டால் உள்ளே என்னவென்று பார்க்கத் தோன்றுமா? ஐந்து. காரணம் தெரியாத ஒன்றை, ஆபத்து இருந்தாலும் போய்ப் பார்ப்பேனா? ஐந்து. அந்த வட்டத்தை இரண்டு தடவை சுற்றினேன்.

கம்பெனி பஸ் மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் சுருக்கென்றது. தாளின் அடியில் வலது ஓரத்தில், கம்பெனியில் ஆள் யாரென்று காட்டும் என் டோக்கன் நம்பரை எழுதியிருந்தேன். பதினொரு வருடமாகத் தினம் காலையில் மெஷின் செக் ஷீட்டில் ஆயில், காற்று, லைட் என்று டிக் போட்டு, அடியில் நம்பர் போட்டுப் பழகிய கை. யாரும் கேட்காமலே போட்டுவிட்டது.

அந்தத் தாளையும் என் விளக்கக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கதவைத் திறந்தது நான்தான் என்று தெரிந்துவிடும். இந்த வயதில் இன்னொரு கம்பெனி கேட்டில் என்னை யார் சேர்ப்பார்கள்?

மறுநாள் உத்தனப்பள்ளிக்காரியிடம் சொன்னேன். "நம்பரு எல்லாருந்தான் போட்டோம். எனக்கு இன்னாக்கா பயம், நானு எல்லாத்துக்கும் மூணு போட்டுட்டேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாள்கள் எச்.ஆர். அறையில் இருப்பதாகத் தெரிந்தது. இரண்டு நாள் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

மூன்றாம் நாள் மேடம் திரும்ப வந்திருந்தார். டீ நேரத்தில் போய் எச்.ஆர். அறை வாசலில் நின்றேன். போன வருடம் என்னிடம் விளக்கம் வாங்கிய அதிகாரி இருக்கையில் இல்லை. மேடம் தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கியிருந்தார். "யாக்கம்மா, எல்லாரும் ஏன் நம்பர் போட்டீங்க?" என்றார். நம்பர் இல்லாத தாளை எங்கள் லைனில் யாரும் கையில் வாங்க மாட்டார்கள் என்று சொன்னேன். மேடம் கத்தரிக்கோலை எடுத்தார். ஆள் யாரென்று தெரிகிற தாளைத் தான் வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

நான் பிடிக்க, அவர் வெட்டினார். என் தாளும் வந்தது. விழுந்த துண்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, இந்த இரண்டு நாளும் கட்டு எங்கே இருந்தது என்று கேட்டேன். மேடம் அதிகாரியின் மேசையைக் காட்டினார். "மேலயே இருந்தது. யாராவது பாத்தாங்களா, கேக்கட்டுமா?"

"வேணாங்க மேடம்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை கார்டைத் தேய்த்தபோது கேட்டில் பச்சை விளக்கு எரிந்தது. கான்ட்ராக்ட் புதுப்பித்தாயிற்று. பத்து மணி வாக்கில் அந்த அதிகாரி லைனைச் சுற்றி வந்தார். என் பக்கத்தில் நின்று, "என்னம்மா, மெஷின்ல சத்தம் எதுவும் வரலையே?" என்றார்.

இல்லைங்க சார் என்றேன். அவர் உத்தனப்பள்ளிக்காரியிடம் போய் ஏதோ பேசினார். அவளிடமும் அதையேதான் கேட்டாரா என்று இன்றுவரை நான் அவளிடம் விசாரிக்கவில்லை.