அடுப்பு வைக்க நிழல் உள்ள ஊர்

கரிமூட்டத்துப் புகை எனக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. திருச்சுழி ரோட்டில் அருப்புக்கோட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஒரு சட்டை, ஒரு கைலி, பல் தேய்க்கிற பிரஷ். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி, உள்ளே தீயைக் கனியவிட்டுக் கரியாக்குகிற வேலை அது. மண்ணில் எங்கே வெடிப்பு விட்டாலும் உடனே பூச வேண்டும். விட்டால் அத்தனையும் சாம்பல். கண்ணில் எந்நேரமும் தண்ணீர் வடியும். துப்பினால் கறுப்பாக வரும். அதற்காக நான் விட்டுவிட்டு வரவில்லை. ஒரே மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். மேஸ்திரியிடம் "வாரேன்" என்றேன். "எங்க?" என்று கேட்டார். நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

பாதி வழியில் ஒரு பஸ்ஸுக்காரர் இரக்கப்பட்டு நிறுத்தினார். பொழுது சாயும்போது பாளையம்பட்டியில் என் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவில் நான் இறங்குகிற ஸ்டாப்பு அந்த வீடு. அக்கா ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டாள். முகத்தைக் கழுவச் சொல்லித் தட்டை வைப்பாள். அன்றைக்கு அதற்கும் இடமில்லை. உள்ளே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

அக்கா வேலை பார்க்கிற நூல் மில்லில் மெஷின் மாற்றுகிறார்கள் என்று நாலு நாள் லீவு விட்டிருந்தார்கள். அவள் அங்கே சேர்ந்த பிறகு சேர்ந்தாற்போல் கிடைத்த பெரிய லீவு அதுதான். மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், ஹார்டுவேர் கடையில் சொல்லிவிட்டு வேனும் பேசிவிட்டார். மறுநாள் சாயங்காலம் வேன் வாசலுக்கு வந்துவிடும். எந்த ஊருக்கு என்பது மட்டும்தான் பாக்கி.

"வா மாப்ள. நீயே சொல்லு. குத்தாலமா, கொடைக்கானலா?" என்றார் மச்சான். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கொடைக்கானல் கேட்டது காலேஜில் படிக்கிற அக்கா மகள், எனக்கு மருமகள் முறை. போன வருசம் கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் அங்கே போய்ப் போட்டோ போட்டார்களாம். மச்சானுக்குக் குற்றாலம். அவர் ஊர் பார்க்கிற கணக்கே வேறு. "குத்தாலத்துல மரம் இருக்கு. தண்ணி இருக்கு. அடுப்ப வச்சமா, சோத்த வடிச்சமா, பாத்திரத்தக் கழுவுனமான்னு இருக்கும். கொடைக்கானல்ல தூறல் போடும், காத்தடிக்கும். அடுப்பு நிக்குமா?"

"அப்பா, நாம குளிக்கப் போறமா, பாத்திரம் கழுவப் போறமா?"

"ரெண்டும் ஒரே தண்ணிதான தாயி."

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் டூர் போகிற விதம் இது. வேனில் ஆள் ஏறும் முன்பே சின்ன சிலிண்டரும் அடுப்பும் ஏறும். பிறகு அரிசி, தண்ணீர்க் குடம், பெரிய அலுமினியச் சட்டி. மச்சானுக்கு வெளிச்சாப்பாடு வயிற்றைக் கலக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் அவர் எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் முதலில் நிழலைப் பற்றித்தான் பேசுவார். திருச்செந்தூரில் தக்காளிச் சோறு நன்றாக அமைந்தது என்பார். ராமேஸ்வரத்தில் குழம்பில் மண் விழுந்துவிட்டது என்பார். அந்த ஊர்களில் கோயில் இருந்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"மாமா, நீங்கதான் எல்லா ஊருக்கும் போயிருக்கீங்கள்ல. சொல்லுங்க" என்றாள் மருமகள்.

போயிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் எல்லா ஊருக்கும் பின்வாசல் வழியாகப் போனவன் நான். கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் கம்பளி துவைத்தேன். விரல் நடுவில் வெடித்து ரத்தம் கசியும், மலையைப் பார்க்க நிமிர்ந்தால் கழுத்து வலிக்கும். குற்றாலத்தில் ஒரு சீசன் முழுக்க பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவினேன். குளித்ததெல்லாம் கடைக்குப் பின்னால் இருந்த குழாயில். கன்னியாகுமரியில் விடியும் முன்னே கதவு கதவாகத் தட்டி, "சூரியன் வரப்போகுது, எந்திரிங்க" என்று எழுப்பிவிடுகிற வேலை. எல்லாரும் மொட்டை மாடிக்குப் போன பிறகு நான் கீழே டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பேன். சூரியன் நன்றாக உதித்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள்.

இதைச் சொன்னதும் மச்சான் சிரித்தார். "இவன்ட்ட கேட்டா இப்பிடித்தான். ஒனக்கு எந்த ஊருமே ஆகாது மாப்ள."

"குத்தாலத்துல நம்ம அக்காவுக்கு என்ன புடிச்சிருந்துச்சுன்னு கேளுங்க மச்சான்" என்றேன். சும்மா கிண்டுவதற்குத்தான் கேட்டேன்.

அக்கா வாசல்படி ஓரமாக உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். "கொரங்கு நல்லா இருந்துச்சு" என்றாள்.

மருமகள் சிரித்தாள். மச்சானுக்குப் புரியவில்லை. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. போன தடவை எல்லாரும் அருவிக்குப் போனபோது சோற்றுச் சட்டிக்குக் காவலாக ஒருத்தி குச்சியோடு உட்கார்ந்திருக்கிறாள். குரங்குகள் வரிசையாக வந்து அவளைப் பார்த்திருக்கின்றன. அவள் குற்றாலத்தில் பார்த்தது அவ்வளவுதான்.

"அப்ப அருவி?" என்றேன்.

"சத்தம் கேட்டுச்சு."

மச்சான் காதில் இது விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அவர் வேறு வழிக்குப் போய்விட்டார். "பேசிக்கிட்டே இருந்தா விடிஞ்சிரும். பூக்கட்டிப் பாத்துருவம்."

பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று தெரியாதபோது எங்கள் பக்கம் சாமியிடம் விட்டுவிடுவது வழக்கம். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. சாமி படத்துக்கு முன்னால் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு மறுபேச்சு கிடையாது. டூருக்குப் பூக்கட்டிப் பார்த்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். சிவப்பு வந்தால் குற்றாலம், வெள்ளை வந்தால் கொடைக்கானல். பொட்டலம் கட்டுகிற வேலை யாருக்கு என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா எழுந்து உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் பேப்பரில் மடித்த இரண்டு பொட்டலங்களோடு வந்தாள். சூடம் ஏற்றினாள். மச்சான் பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருமகள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே கறிவேப்பிலை.

மச்சான் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன புள்ள இது? பூ எங்க?"

"பூ வாங்கல. இதுதான் இருந்துச்சு."

இன்னொரு பொட்டலத்தை அவரே பிரித்தார். அதிலும் கறிவேப்பிலை. "இது என்ன உத்தரவு? செவப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல."

"சாமிக்கு ரசம் வேணுமோ என்னமோ மச்சான்" என்றேன். மருமகள் என் தொடையில் கிள்ளினாள்.

அக்கா சூடத்தட்டைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை. "எந்த ஊருன்னாலும் எனக்கு ஒன்னுதான். இங்க உக்காந்து வெங்காயம் உரிக்கிறதுக்குப் பதிலா அங்க உக்காந்து உரிப்பேன். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நாலு நாளு நான் அடுப்பப் பத்தவைக்காம இந்த வீட்டுலயே கெடக்கேன். எனக்கு அதான் டூரு."

"நீ வராம எப்பிடி?" என்றார் மச்சான். கொஞ்சம் யோசித்து, "அப்ப யாரு சமைக்கிறது?" என்றார்.

"பாத்தியா தம்பி" என்றாள் அக்கா என்னைப் பார்த்து. "மொதக் கேள்விக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள ரெண்டாவது வந்துருச்சு."

மச்சான் கெட்ட மனிதர் இல்லை. மாட்டிக்கொண்ட முகத்தோடு சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ள பஜ்ஜிக் கடையில இருந்தவன்தான?"

"நான் காலையில திருப்பூர் கெளம்புறேன்" என்றேன். திருப்பூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"அவன இழுக்காதீங்க. அவன் எங்கயும் நிக்க மாட்டான்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மழை பெய்யாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அத்தோடு எல்லாரும் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். குழம்பு அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

காலையில் கண் விழித்தபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம். வர மாட்டேன் என்றவள், போகிறவர்களுக்காவது கட்டிக்கொடுப்போம் என்று புளியை ஊறவைத்துவிட்டு, சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் என் பையை எடுத்து வாசல்வரைக்கும் போனேன். டவுன் பஸ் ஒன்று நின்றது, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தேன்.

"வேல இருக்கா?" என்று கேட்டேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன வேல தெரியும்?"

"சீவத் தெரியும். கழுவத் தெரியும். சோறு வடிப்பேன். கொழம்பு சுமாராத்தான் வரும்."

"இதுக்கு முன்னாடி எங்க இருந்த?"

"கரிமூட்டத்துல."

"ஏன் விட்ட?"

"ஒரே எடத்துல உக்காரணும்னாக."

"இதுல உக்காரவே முடியாது" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது உதட்டில் தெரிந்தது. "நாலு நாளு நிப்பியா?"

"நிக்கேன்."

முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். மச்சான் பல் தேய்த்தபடி வந்து, அடுப்படியில் நானும் வாசலில் அவளும் இருப்பதைப் பார்த்து வழி மறந்தவர் மாதிரி நின்றார்.

"அப்ப எந்த ஊருதான்?" என்று கேட்டார். இந்தத் தடவை அவளிடம்.

"கன்னியாகுமரி. நானும் மொட்ட மாடியில நின்னு சூரியனப் பாக்கணும்."

"அங்க காத்து பிச்சுக்கிட்டுப் போகுமே. அடுப்பு எப்பிடி நிக்கும்?"

"அது சமையக்காரன் பாடு" என்றாள் அக்கா.

நான் வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு, அடுப்பைச் சுற்றி மறைக்கிற மாதிரி ஒரு தகரம் கிடைக்குமா என்று வீட்டுக்குப் பின்னால் தேடப் போனேன்.